லிஸ்பனில் என்னை யார் என்று சொல்வாய்?

தம்பிக்கு,

நானும் உங்கப்பாவும் சுகமாக இருக்கிறோம். மாடும் சுகம்தான், போன கிழமை கிடாரிக் கன்று போட்டது, அதிலிருந்து உங்கப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். விசா கிடைத்துவிட்டது. நேற்றுப் பிற்பகல் பாஸ்போர்ட் வந்து சேர்ந்தது. அதில் ஒட்டியிருக்கும் தாளை உங்கப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தரம் பார்த்தார். "படத்துல மொறைச்சிக்கிட்டு இருக்க. இதப் பார்த்துப் பயந்துதான் குடுத்திருப்பானுங்க" என்றார். சந்தோஷம் வந்தால் அவர் இப்படித்தான் பேசுவார், உனக்குத் தெரியாததா.

இதைப் படித்ததும் நீ டிக்கெட் போட ஓடுவாய். கொஞ்சம் பொறு. இந்தக் கடிதத்தைக் கடைசி வரைக்கும் படித்துவிட்டுப் போடு. தொலைபேசியில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் கொப்பியில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். உன்னிடம் பேச இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, லிஸ்பனில் நான் எதை எப்படிப் பார்ப்பது என்று நீ போட்டிருக்கிற திட்டம். அது சின்ன விஷயம், திருத்திக்கொள்ளலாம். மற்றது இனேஸ் எனக்கு அனுப்பிய கேள்வி.

உன் பெண்டாட்டி அந்தத் தொலைபேசியின் மொழிபெயர்ப்பில் போட்டு எனக்குத் தமிழில் எழுதுகிறாள் அல்லவா? போன மாதம் இப்படி ஒன்று வந்தது: "அன்பான மாமியார், என் தந்தை உங்கள் ரப்பர் தோட்டத்தின் புகைப்படத்தை சுவரில் வைக்க விரும்புகிறார். உங்களுக்கு எத்தனை தொழிலாளர்கள் உள்ளனர்?" முதலில் அந்த இயந்திரம்தான் எதையோ குழப்பிவிட்டது என்று நினைத்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். இயந்திரத்தின் மேல் பிழை இல்லை. நாங்கள் ஒரு ரப்பர் தோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் என்று நீ அவர்களிடம் சொல்லியிருக்கிறாய். கல்யாணம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவர்கள் இன்னும் அதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு நான் இதுவரை பதில் எழுதவில்லை. அந்தப் பதில் என்ன என்பதில்தான் என் பயணம் இருக்கிறது.

சரி, திட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். பத்து நாளில் நாற்பத்தொரு இடம் போட்டிருக்கிறாய். காலை எட்டுக்குக் கோட்டை, ஒன்பதே முக்காலுக்குத் தேவாலயம், பதினொன்றுக்கு அரண்மனை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் கங்காணி பேர் வாசிப்பது போல இருக்கிறது. இப்படி ஓடி ஓடிப் பார்த்த ஒரு பயணம் நமக்கு ஏற்கெனவே உண்டு. உனக்கு ஒன்பது வயது. நம் லயத்து வரிசை வீட்டு ஆட்களும் மேல் லயத்து ஆட்களும் சேர்ந்து ஒரு வேன் பிடித்துக் கண்டிக்குப் போனோம். போகிற இடங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போனவள் நான்தான். பேராதனைப் பூங்காவில் பெரிய மரம் முழுக்க வௌவால் தொங்கிக்கொண்டிருந்தது. நீ அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாய். "இன்னும் கொஞ்ச நேரம்மா" என்று கெஞ்சினாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன், தாளில் இன்னும் ஆறு இடம் மிச்சம் இருந்தது. அந்த ஆறு இடமும் எது எது என்று இன்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நீ மட்டும் போன வருஷம்கூட அந்த வௌவாலைப் பற்றிப் பேசினாய். அன்றைக்கு உன்னை அங்கேயே விட்டிருக்கலாம். அந்தத் தவறை என்னிடமே திருப்பிச் செய்ய உனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஆகவே என் திட்டத்தைக் கேள். முப்பத்தொரு வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவளுக்கு ஒரு இடத்தை எப்படிச் சுற்றுவது என்று தெரியும். பால்வெட்டுக்காரி எந்த மரத்தடியிலும் நின்று பால் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். பட்டையில் கத்தியை ஓட்டி, சிரட்டையைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவாள். கடைசி மரம் முடிந்ததும் உட்கார்ந்து ரொட்டியை அவிழ்ப்பாள். அவள் சாப்பிடுகிற நேரத்தில் பால் தானாக இறங்கி நின்றிருக்கும். அப்புறம் வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் மரத்திலிருந்து மறுபடி வந்து சேர்த்துக்கொண்டு போவாள். லிஸ்பனிலும் அப்படியே செய்யலாம். முதல் மூன்று நாள் எங்கேயும் உள்ளே போக வேண்டாம், சும்மா சுற்றிக் காட்டு. கோட்டையை வெளியிலிருந்து பார்க்கிறேன், அந்த நீல ஓடு பதித்த சுவர்களைப் பார்க்கிறேன், மஞ்சள் டிராமில் ஒரு தரம் ஏற்று. நாலாம் நாள் வீட்டில் இருந்து சமைக்கிறேன். அதற்குள் எது என் மனதில் தங்கியிருக்கிறதோ அந்த இடத்துக்கு மட்டும் திரும்பக் கூட்டிக்கொண்டு போ, அங்கே வேண்டிய மட்டும் நிற்போம். ஏழெட்டு இடம் தேறினால் போதும். மிச்சத்தை உங்கப்பாவுக்கு வீடியோவில் காட்டிக்கொள்.

லிஸ்பன் ஏழு குன்றில் கட்டின ஊர், ஏற்றம் அதிகம், கல் பாவின பாதை வழுக்கும், அதனால் எனக்குச் சக்கர நாற்காலி சொல்லி வைக்கவா என்று கேட்டிருந்தாய். அதைப் படித்துவிட்டு உங்கப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மழை பெய்த மலையில் இரண்டு வாளிப் பாலோடு அட்டைக்கடி வாங்கிக்கொண்டு இறங்கினவளுக்கு நீ வழுக்கல் பற்றிச் சொல்கிறாய். என் முழங்காலைப் பற்றி ஒரு விவரம் சொல்கிறேன், குறித்து வைத்துக்கொள். ஏறும்போது அது வாயைத் திறப்பதில்லை, இறங்கும்போதுதான் கத்தும். ஆகவே மேட்டில் நடந்து ஏறுவோம், இறங்க டிராம் பிடிப்போம். அவிசாவளையில் ஒரு கான்வஸ் சப்பாத்து வாங்கிவிட்டேன். தினமும் காலையில் அதைப் போட்டுக்கொண்டு மாட்டுப்பட்டி வரை நடந்து பழகுகிறேன். பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி, "என்னக்கா, துரைச்சாணி மாதிரி போறீங்க" என்று தினமும் கேட்கிறாள். நானும் தினமும், "ஆமா, வழிய விடு" என்கிறேன்.

உன் பட்டியலில் இல்லாத இரண்டு இடம் எனக்குப் பார்க்க வேண்டும். நம் நாட்டைப் பிடிக்க அந்தக் காலத்துப் பறங்கியர் கப்பல் கிளம்பின ஆற்றங்கரை ஒன்று. சிவனொளிபாதம் போய்த் திரும்பும்போது இரத்தினபுரி சமன் தெய்வத்தின் கோயிலில் ஒரு கல்லைப் பார்த்திருக்கிறேன், உனக்கும் காட்டியிருக்கிறேன். பறங்கிச் சிப்பாய் ஒருவன் இந்த நாட்டு வீரனை மிதித்துக்கொண்டு வாளை ஓங்கி நிற்பான். அவன் கிளம்பின இடத்தில் நான் போய் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான், வேறு சண்டை ஒன்றும் இல்லை. இரண்டாவது, ஆற்றுக்குத் தெற்கே இருக்கிற தக்கை மரங்கள். ஒன்பது வருஷத்துக்கு ஒரு தரம் பட்டையை உரிப்பார்களாம், மரம் சாகாதாம். வீடியோவில் பார்த்தேன். கோடாலியை எவ்வளவு ஆழம் இறக்குகிறான் என்று கிட்டத்தில் நின்று பார்க்க ஆசையாக இருக்கிறது. மரத்தில் காயம் படாமல் பட்டையில் வேலை செய்கிறவனைப் பார்த்தால் எனக்கு அவன் சொந்தக்காரன் மாதிரி. பத்து நாளில் எனக்கு நேரம் இல்லை என்றால் அரண்மனையை விட்டுவிடு, அதை விடாதே.

இனி மற்றதற்கு வருகிறேன். முதல் தரம் விசாவுக்குப் போட்டபோது நீதான் அங்கிருந்து எல்லாத் தாளையும் நிரப்பி அனுப்பினாய். ஆங்கிலத்தில் இருந்தது. நீ காட்டின இடத்தில் எல்லாம் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அது என் முதல் பிழை. மனு திரும்பி வந்தது, யட்டியாந்தோட்டை டவுனில் செல்லையா முதலாளியின் கடை விலாசத்துக்கு. வழக்கம் போல அந்த விலாசத்தைத்தான் கொடுத்திருந்தாய். முதலாளி கடிதத்தை உடைத்து, கடையில் நாலு பேர் நிற்கும்போது எனக்கு வாசித்துச் சொன்னார். சொன்னதற்கு ஆதாரம் இல்லையாம், நான் திரும்பி வருவேன் என்று நம்ப முடியவில்லையாம். அப்புறம் அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்: "தொழில் தோட்ட உரிமையாளர்னு போட்டிருக்கே, எந்தத் தோட்டம்மா?" சிரித்துச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். வழி நெடுக முகம் எரிந்தது. உங்கப்பாவிடம் மறுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். "அவனுங்க நம்ம ஊருக்கு வந்தப்போ நாம விசா கேட்டமா?" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விசாவுக்காக நீ கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டாய் என்று அப்போது மனதைத் தேற்றிக்கொண்டேன். இனேசின் கேள்வி வந்த பிறகுதான் இது தாளோடு நிற்கிற பொய் இல்லை, வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது என்று விளங்கியது.

உன்மேல் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இரண்டு நாள் உன் அழைப்பை எடுக்கவில்லை, சிக்னல் இல்லை என்று பிறகு பொய் சொன்னேன். மூன்றாம் நாள் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருக்கும்போது, இதை இவன் எங்கே படித்தான் என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். கையில் அரிவாளோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். படிப்பித்தவள் நான்தான்.

ஐந்தாம் வகுப்பு முடிந்து உன்னைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துக்கொண்டு போனேன், பஸ்ஸில் ஒரு மணி நேரம். அதிபர் விலாசம் கேட்டார். லயத்துக்கு அப்போது விலாசம் ஏது? கடிதம் என்றால் தோட்டத்து ஆபீசுக்கு வரும், கிளாக்கர் நினைத்த நேரம் கைக்குக் கிடைக்கும், சில நேரம் கிடைக்கவே கிடைக்காது. அதனால் நம் ஆட்கள் எல்லோரும் டவுனில் தெரிந்த கடை ஒன்றின் விலாசத்தைக் கொடுப்பதுதான் வழக்கம். நானும் செல்லையா முதலாளியின் கடை விலாசத்தைக் கொடுத்தேன். அதோடு விட்டிருந்தால் அது கடிதம் வாங்குகிற வழி, ஒரு குற்றமும் இல்லை. நான் அதோடு விடவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்: "யாராச்சும் ஒங்க வீடு எங்கன்னு கேட்டா, யட்டியாந்தோட்டை மெயின் ரோட்டுலன்னு சொல்லு. தோட்டம்னு சொல்லாத." இறங்குகிற வரைக்கும் உன்னை ஐந்தாறு தரம் சொல்ல வைத்தேன். நீ நன்றாகச் சொன்னாய். தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தால் வகுப்பில் பின் வாங்குப் பலகையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம். பயம் உண்மையானதுதான். அதற்கு நான் கொடுத்த மருந்துதான் கெட்டது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை. நீ ஏழாம் வகுப்பு. உன் கூட்டாளிகள் மூன்று பேர் உன்னைப் பார்க்க பஸ் ஏறி வந்துவிட்டார்கள். நீ அவர்களைக் கடை வாசலில் உட்கார வைத்திருந்தாய், முதலாளி பிளேன்டீ கொடுத்திருந்தார். எனக்கு அது தெரியாது. அரை நாள் வேலை முடிந்து அப்படியே ரொட்டி சுட மா வாங்க வந்தேன். இடுப்பில் சாக்கு, சேலையெல்லாம் காய்ந்த பால், அந்தப் புளிச்ச வாடை. நீ என்னைப் பார்த்தாய். உடனே கையிலிருந்த கோப்பைக்குள் குனிந்துகொண்டாய். உன் பக்கத்தில் இருந்தவன் மூக்கைப் பொத்தினான். நான் என்ன செய்தேன் தெரியுமா? முகத்தைத் திருப்பிக்கொண்டு, "முதலாளி, ஒரு கிலோ மா குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, உன்னை யாரென்றே தெரியாதவள் போல இறங்கிப் போய்விட்டேன். உன்னைக் காப்பாற்றிவிட்டதாக வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டு நடந்தேன். அன்றைக்கு நீ சாப்பிடும்போது தலையை நிமிர்த்தவே இல்லை. நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஆகப் போகிறது, இன்றைக்குத்தான் முதல் தரம் இதைப் பேசுகிறோம். உன்மேல் எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? பெரியவள் நான். உன் தோளில் கை வைத்து, "இவன் என் மகன்" என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லி, அவர்களையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து ரொட்டி சுட்டுக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் சரியாகப் போயிருக்கும்.

இதை நினைத்து அழுதுகொண்டிருக்க எனக்கு நேரமும் இல்லை, அப்படிப்பட்ட ஆளும் நான் இல்லை. இரண்டாம் தரம் மனுவை நானே போட்டேன், உன்னிடம் கேட்கவில்லை. அதற்காக நீ கோபித்துக்கொண்டாய், பரவாயில்லை. கிராம சேவகராக இருக்கிற சிங்கள நோனா அம்மாவிடம் போய், லயத்து இலக்கத்தைப் போட்டு வதிவிடச் சான்றிதழ் கேட்டேன். அவர் சிங்களத்தில் கேட்டார், "அம்மா, எல்லாரும் டவுன் விலாசம்தானே கேட்பீர்கள்?" இந்தத் தரம் இருக்கிற இடத்தைப் போடுங்கள் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். "ஹரி அம்மே, மம லியலா தென்னங்" என்று, சரி அம்மா, எழுதித் தருகிறேன் என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். தோட்டத்து ஆபீசில் முப்பத்தொரு வருஷம் பால் வெட்டினதற்குக் கடிதம் வாங்கினேன். சேமலாப நிதித் தாள், கல்யாணச் சான்றிதழ், சாவு வீட்டுக்கு உதவுகிற மரண சங்கத்துக் கடிதம், எல்லாவற்றையும் சேர்த்தேன். தொழில் என்ற இடத்தில் ஓய்வுபெற்ற ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி என்று எழுத வைத்தேன். நிலம், வீடு என்ற இடத்தில் இல்லை. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். உங்கப்பாவும் நானும் கொழும்புக்கு பஸ் ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

இரண்டு கிழமை கழித்து விசா அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். நல்ல தமிழ், குரலில் மரியாதை இருந்தது. எங்கே போகிறேன், யாரிடம் போகிறேன், எத்தனை நாள் என்றெல்லாம் கேட்டாள். அப்புறம் கேட்டாள், "உங்க பேர்ல வீடு இருக்காம்மா?" "இல்லங்க." "நிலம்?" "இல்லங்க." "அப்ப நீங்க திரும்பி வருவீங்கன்னு நாங்க எப்படி நம்புறது?" உங்கப்பா பக்கத்தில் நின்று கையை ஆட்டி என்னென்னவோ சைகை காட்டினார். நான் சொன்னேன்: "என் வீட்டுக்காரர் இங்க இருக்காருங்க, அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது. இந்த மலையில ஒரு சாவு விழுந்தா பந்தல் சாமான் சாவி எங்கிட்டதான் இருக்கு. ஆடித் திருவிழாவுக்கு நான்தான் மொத கரகம் தூக்குவேன். அது மட்டுமில்லங்க. நாங்க நாலு தலமொறையா ஒரு சாண் நெலம் இல்லாமத்தான் இங்க இருக்கோம். கவர்மெண்டு அனுப்பி வச்சவங்கதான் இந்தியாவுக்குப் போனாங்க, தானா யாரும் போகல. நெலம் இருந்தாத்தான் மனுசன் திரும்பி வருவான்னா, இந்த லயமெல்லாம் எப்பவோ காலியாகியிருக்கணுமே." அந்தப் பக்கம் அவள் எதையோ தட்டெழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிம்மா, வேற கேள்வி இல்ல" என்றாள். வைத்ததும் உங்கப்பா, "சோறு வடிக்கத் தெரியாதுன்னு ஏன் சொன்ன?" என்று அதற்குச் சண்டை பிடித்தார்.

பார்த்தாயா தம்பி, பொய் எழுதிப் போனது திரும்பி வந்தது, உள்ளதை எழுதிப் போனதற்குக் கதவு திறந்தது. உலகத்தில் எப்போதும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை, அந்த அளவுக்கு நான் சின்னப் பிள்ளை இல்லை. உள்ளதைச் சொன்ன எத்தனையோ பேரைத் திருப்பியும் அனுப்பியிருப்பார்கள். ஆனால் அந்தப் பெண்ணிடம் பேசி முடித்தபோது என் முகம் எரியவில்லை. மறுத்திருந்தாலும் எரிந்திருக்காது. அந்த வித்தியாசத்தை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இனேஸ் நல்ல பிள்ளை. தன் தாத்தா ஊர் ஊராகப் போய்க் கூலிக்குத் தக்கைப் பட்டை உரித்தவர் என்று அவளே எனக்கு எழுதியிருக்கிறாள். கோடாலியோடு அவர் நிற்கிற பழைய படத்தையும் அனுப்பினாள், பெருமையாக. அந்தப் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறதாம். அதே சுவரில் மாட்டத்தான் அவள் அப்பா நம் படத்தைக் கேட்கிறார். அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து நீ எத்தனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிருக்கிறாய்? அங்கே வைத்தா நீ தோட்டம் வைத்திருப்பதாகச் சொன்னாய்? நான் உன்னைக் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை. அவர்களுக்கு முன்னால் நீ எதற்குப் பயந்தாய் என்று யோசித்துப் பார்த்தேன். அவர்களைப் பார்த்து நீ பயப்படவில்லை. மூக்கைப் பொத்தின அந்தப் பையன் இன்னும் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அவன் இந்நேரம் எங்கேயோ பிள்ளைகுட்டியோடு இருப்பான், உன் பேர்கூட அவனுக்கு மறந்திருக்கும்.

கல்யாணம் செய்தவனுக்கு ஒரு புத்தி சொல்கிறேன், எடுத்துக்கொள். பெண்டாட்டியிடம் சொன்ன பொய்யை அவள் வேறொருத்தர் வாயால் கேட்கக் கூடாது, அம்மா வாயாலும் கூடாது. அதனால்தான் நான் அவளுக்குப் பதில் எழுதாமல் இருக்கிறேன். உங்கப்பாவை எடுக்கச் சொல்லி ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். லயத்து வாசலில் நான் நிற்கிறேன், பின்னால் மலை தெரிகிறது, உங்கப்பாவின் விரல் பாதிப் படத்தை மறைக்கிறது. அதை அனுப்ப எனக்கு ஒரு நிமிஷம் போதும். அனுப்ப மாட்டேன். நீ அவளிடம் சொன்ன பிறகு, அவள் மறுபடி கேட்டால் அனுப்புகிறேன். அவள் கோபிப்பாள், கோபிக்கட்டும். இரண்டு மூன்று நாள் பேசாமல் இருப்பாள். நீ சமைத்துப் போடு. இந்தக் குடும்பத்தில் அந்த வைத்தியம் எப்போதும் வேலை செய்திருக்கிறது.

அவளிடம் சொல்லிவிட்டால் உடனே டிக்கெட் போடு. சித்திரைத் திருவிழா முடிந்து நான் புறப்படத் தயார், ஆடிக்கு முன்னால் இங்கே இருக்க வேண்டும், திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே போடு. சொல்ல முடியவில்லை என்றால் அதையும் எனக்கு மறைக்காமல் சொல். நான் வரவில்லை. விசாவை உங்கப்பா சட்டம் போட்டு மாட்டிக்கொள்வார். உன்மேல் பாசம் குறையாது, ஆனால் தோட்டத்துச் சொந்தக்காரியாக வேஷம் போட்டுக்கொண்டு அந்த நாற்பத்தொரு இடத்தையும் சுற்ற என்னால் முடியாது.

வந்தேன் என்று வை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குச் சாப்பிடப் போவோம். உப்புப் போட்டுக் காயவைத்த மீனில் பத்து விதம் செய்வார்கள் என்று சொன்னாய், நான் நன்றாகச் சாப்பிடுவேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே. இனேசின் அப்பா மரியாதைக்காக என்னைக் கேட்பார், ஊரில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று. அந்த மேசையில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். நான் சொல்லப் போவதை இப்போதே உனக்கு எழுதிவிடுகிறேன், அங்கே வந்து திடுக்கிடாதே: "நான் முப்பத்தொரு வருசம் ரப்பர் மரத்துல பால் வெட்டினேங்க. இன்னொருத்தர் தோட்டம், இன்னொருத்தர் மரம். அந்த வேலையிலதான் இவன வளர்த்தேன்." இதில் ஒன்றும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நீ அவர்களுக்கு என்ன சொல்கிறாய் என்று எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா